'ஏற்ற துணை': மலாயாத் தமிழ்க் கிறிஸ்தவரிடையே பெண்மைக் கருத்து

ஒரு சமுதாயம் தன் பெண்களுக்கு எத்தகைய இடத்தை வகுத்தது என்பதை அறிய விரும்புவோர், அச்சமுதாயம் பெண்ணைச் சுட்டி வழங்கிய சொற்களை ஆராய்ந்தாலே பெரிதும் பயன் பெறுவர். தமிழ்க் கிறிஸ்தவரிடையே அத்தகைய சொல் 'துணை' என்பதாகும். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில், முதல் மனிதனின் தனிமையைக் கண்ட கடவுள் அவனுக்காகப் பெண்ணைப் படைத்த வரலாறு சொல்லப்படுகிறது. அங்கே அவளுக்குத் தமிழ் விவிலியம் இட்ட பெயர் 'ஏற்ற துணை'. திருமணப் பிரசங்கங்களிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் இச்சொல்லை விளக்காத போதகர் இலர் எனலாம். பெண்ணுக்குக் கடவுள் விதித்த கடமை யாது என்னும் வினாவுக்கு விடை இச்சொல்லிலேயே அடங்கியிருப்பதாகப் பலரும் கருதிவந்துள்ளனர்.

ஆயினும், அவ்விடை எக்காலத்தும் ஒன்றாகவே இருந்ததா? யாழ்ப்பாணத்திலும் தரங்கம்பாடியிலும் விதைக்கப்பட்டுக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவ சமுதாயத்தின் வரலாற்றைக் கொண்டு இதனை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'துணை' என்று தமிழில் பெயர்க்கப்பட்ட எபிரேயச் சொல் 'எசேர்' என்பது. பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய இருபது இடங்களில் இச்சொல் வருகிறது. அவற்றுள் இரண்டே இடங்கள் பெண்ணைக் குறிப்பவை. மிகுதியான இடங்களில் அது கடவுள் மனிதனுக்குச் செய்யும் உதவியைக் குறிக்கிறது. 121-ஆம் சங்கீதத்தில் இதே சொல் 'ஒத்தாசை' எனத் தமிழாக்கப்பட்டுள்ளது. 33-ஆம் சங்கீதத்திலோ கடவுளையே 'துணை' என்று தமிழ் விவிலியம் அழைக்கிறது. ஆகவே, துணை என்பதனாலேயே ஒருவர் தாழ்ந்தவர் ஆகார் என்பது எபிரேயம் அறியாத தமிழருக்கும் விளங்கக்கூடியதே.

தமிழ் மரபும் இதற்குச் சான்று பகர்கிறது. நம் முன்னோர் கடிதம் எழுதத் தொடங்கும்போது தாளின் தலைப்பில் 'முருகன் துணை' என்றோ, 'சிவமயம்' என்றோ, கிறிஸ்தவராயின் 'தேவன் துணை' என்றோ எழுதுவது வழக்கம். அங்கே துணை என்பது பணியாளைக் குறிப்பதன்று. தன்னைவிட வலிமை மிக்க ஒன்றைக் குறிப்பது. திருக்குறளின் ஆறாம் அதிகாரத்துக்கு 'வாழ்க்கைத் துணைநலம்' என்று பெயர் அமைந்திருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும், நடைமுறையில் துணை என்பது 'துணைநிற்பவள்', பின்னர் 'அடங்கி நிற்பவள்' என்று பொருள் சுருங்கியது. பவுல் அடிகளின் நிருபங்களில் வரும் சில கட்டளைகள் இதற்குத் துணைபோயின. பெண் சபையில் பேசலாகாது, உபதேசிக்கலாகாது, புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பன அவை. இவற்றை உலகம் உள்ளளவும் நிற்கும் சட்டமாகக் கொள்வோர் உளர். படைப்பின் ஒழுங்கிலேயே ஆண் தலைவனாகவும் பெண் துணையாகவும் வைக்கப்பட்டனர். மதிப்பில் இருவரும் சமம், பொறுப்பில் வேறு என்பது அவர்கள் கொள்கை. எபேசியர் நிருபம் மனைவியைக் கீழ்ப்படியச் சொல்வதற்கு முந்திய வசனத்திலேயே அனைவரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. கணவன் தன் உயிரையே கொடுத்து மனைவியை நேசிக்கவேண்டும் என்கிறது. ஆதலால் ஒருபாதியை மட்டும் எடுத்துக்கொள்வது முறையன்று என்பது மற்றொரு சாரார் கொள்கை. இவ்விரு கொள்கைகளும் தமிழ்ச் சபைகளில் இன்றளவும் அருகருகே நிற்கின்றன.

மொழிபெயர்ப்பும் இதில் ஒரு பங்கு வகித்தது. ரோமர் நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் பவுல் பாராட்டும் பெபேயாள் என்னும் பெண்ணுக்குக் கிரேக்க மூலம் 'தியாகொனோஸ்' என்ற பட்டம் தருகிறது. அதே பட்டம் பிலிப்பியர் நிருபத்தில் சபை அலுவலர்களுக்கு வருமிடத்து நம் பழைய மொழிபெயர்ப்பு 'உதவிக்காரர்' என்கிறது. பெபேயாளையோ 'ஊழியக்காரி' என்கிறது. ஆடவருக்குப் பதவியாகத் தெரிந்த சொல், பெண்ணிடத்தில் வெறும் வேலையாகிவிட்டது.

உடுவில் தந்த மனைவியர்

தமிழ்ப் பெண்களுக்கென்று கிறிஸ்தவர் நடத்திய பள்ளிகளின் வரலாறு நெடியது. 1707-ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் சீகன்பால்கு பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். ஆனால், மலாயாவின் கதைக்கு நெருங்கிய தொடர்புடையது யாழ்ப்பாணத்து உடுவிலாகும். அமெரிக்க மிஷனார் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டையில் ஆடவர்க்கு உயர்கல்விச் சாலை ஒன்றை நிறுவினர். மறுவருடமே, 1824-இல், உடுவிலில் பெண்களுக்கு உறைவிடப் பள்ளி எழுந்தது. அதனைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார், 1862-இல் வெளிவந்த பெரிய தமிழ் அகராதியால் நம்மவர் நன்கறிந்த மைரன் வின்ஸ்லோவின் மனைவியார்.

இவ்விரு பள்ளிகளும் அடுத்தடுத்துப் பிறந்தது தற்செயலன்று. வட்டுக்கோட்டையில் கற்றுத் தேர்ந்த கிறிஸ்தவ இளைஞன் கல்லாத, கிறிஸ்தவளல்லாத பெண்ணை மணந்தால் அவன் குடும்பம் பழைய நெறிக்கே திரும்பிவிடும் என்று மிஷனார் அஞ்சினர். ஆகவே, அவனுக்கு 'ஏற்ற துணை' உண்டாக்கப்படவேண்டும். எழுத்து, வேதபாடம், தையல், வீட்டு நிருவாகம் ஆகியன கற்பிக்கப்பட்டன. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரை இணங்கச் செய்வதற்காகத் தொடக்க காலத்தில் மிஷனே சீதனமும் கொடுத்தது. யாழ்ப்பாணத்து மரபை மாற்ற வந்தோர், அம்மரபின் மிக வலிய வழக்கத்துக்கே இணங்கிச் சென்றனர். பின்னாளில் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் சீதனம் மறையாது நிலைபெற்றதை எண்ணும்போது இச்செய்தி சிந்திக்கத்தக்கதாகிறது.

ஆயின், பள்ளி போதித்தது ஒன்று. பிள்ளைகள் நாள்தோறும் கண்டது மற்றொன்று. 1840 முதல் 1879 வரை உடுவிலில் தலைமையாசிரியராய் இருந்தவர் எலிசா அக்னியூ அம்மையார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1883-இல் இறக்கும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவும் இல்லை. 'ஆயிரம் புதல்வியரின் தாய்' என்று புகழப்பட்டார். நல்ல மனைவியாவதே பெண்ணின் கடமை எனக் கற்பித்த பள்ளியை நடத்தியவர், கணவனும் பிள்ளையும் இன்றி ஒரு நிறுவனத்தையே ஆண்ட பெண். இம்முரண்பாட்டை அக்கால மாணவியர் வாய்விட்டுச் சொன்னாரோ இல்லையோ, கண்டிராமல் இருந்திருக்க இயலாது.

சிங்கப்பூரும் பிரிக்பீல்ட்ஸும்

மலாயாவில் பெண்கல்வி தொடங்கிய வகையும் இத்தகைய முரண்பாடு கொண்டதே. மெதடிஸ்டு மிஷன் 1885-இல் சிங்கப்பூருக்கு வந்தது. பெண்களிடையே பணிபுரிய ஒரு பெண்ணை அனுப்பவேண்டும் என்ற வேண்டுகோள் அமெரிக்க மெதடிஸ்டு மாதர் மிஷன் சங்கத்தின்முன் வைக்கப்பட்டபோது, மேரி நைண்ட் என்னும் அம்மையார் தம் கிளையின் சார்பில் 3,000 டாலர் தருவதாக வாக்களித்தார். அதன் பயனாக ஆஸ்திரேலியப் பெண்மணியான சோபியா பிளாக்மோர் 1887-இல் சிங்கப்பூர் வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் திறந்த முதற்பள்ளி ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளி. அதற்குப் பொருளுதவி செய்தவர்கள் தமிழ் வணிகர்கள். ஒன்பது சிறுமியருடன் தொடங்கிய அப்பள்ளியே பின்னர்ச் சிங்கப்பூர் மெதடிஸ்டு பெண்கள் பள்ளியாக வளர்ந்தது. மலாயாத் தமிழர் பெண்கல்வியை வெறுத்தனர் என்று பொதுப்படக் கூறுவோர் இதனை மறத்தலாகாது.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. 1888-இல் மெதடிஸ்டு திருச்சபையின் பொதுப் பேரவைக்கு ஐந்து பெண்கள் முதன்முறையாகப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் மேரி நைண்ட். பெண்கள் பேரவையில் அமர விதியில்லை என்று கூறி ஐவரையும் பேரவை ஏற்க மறுத்துவிட்டது. பெண்களின் பணத்தால் ஆசியாவில் பள்ளிகள் எழுந்தன. அப்பணத்தைத் திரட்டிய பெண்ணுக்குத் தன் சபையில் ஓர் ஆசனம் இல்லை. பொதுமக்கள் பிரதிநிதியாகப் பெண்கள் அப்பேரவையில் அமர்ந்தது 1904-இல்தான்.

கோலாலம்பூரில் மெதடிஸ்டு ஆண்கள் பள்ளி 1897-இல் தொடங்கிற்று. அதையொட்டிய காலத்திலேயே அம்மிஷனின் பெண்கள் பள்ளியும் வேரூன்றிற்று. கத்தோலிக்கருள் திருக்குழந்தை இயேசு கன்னியர், 1850-களிலேயே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பணி தொடங்கியவர்கள், 1899-இல் கோலாலம்பூருக்கு வந்து புக்கிட் நானாஸ் கான்வென்டை நிறுவினர்.

இப்பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியோரில் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் குறிப்பிடத்தக்கவர். செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற அவ்வட்டாரம், 1886-இல் கோலாலம்பூரும் கிள்ளான் பகுதியும் இருப்புப்பாதையால் இணைக்கப்பட்டபின் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்து குடியேறினர். அவர்களுள் உடுவிலில் பயின்ற தாய்மாரும் பாட்டிமாரும் உடைய குடும்பங்கள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்த லுத்தரன் சபையார், தரங்கம்பாடி மரபைத் தொடர்ந்து, 1924-இல் பிரிக்பீல்ட்ஸில் சீயோன் ஆலயத்தைக் கட்டினர். தமிழ் மெதடிஸ்டு ஆலயமும் அவ்வட்டாரத்திலேயே அமைந்தது.

இச்சபைகளில் 'பைபிள் பெண்கள்' என வழங்கப்பட்டோர் பணியையும் குறிப்பிடவேண்டும். வேதம் வாசிக்கவும் பாடவும் அறிந்த இத்தமிழ்ப் பெண்களிற் பலர் கைம்பெண்கள். ஆடவர் புகமுடியாத வீடுகளுக்குள் சென்று எழுத்தும் வேதமும் கற்பித்தனர். சபையில் பேசலாகாது என்று விதிக்கப்பட்ட பெண், வீடுவீடாகச் சென்று போதிப்பதற்கு மட்டும் ஊதியம் பெற்றாள். அது பிரசங்கம் என்று பெயர் பெறவில்லை, அவ்வளவே வேறுபாடு. மிஷன் அறிக்கைகளில் அவர்களிற் பலர் பெயரின்றியே நிற்கின்றனர்.

தோட்டத்துப் பெண்

மேற்கூறிய 'இல்லத்தரசி' என்னும் இலட்சியம் மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கே பொருந்தியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு அது எட்டாத கனி. அவள் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்றாள். 1920-களின் பிற்பகுதியில் அரசாங்கம் விதித்த நியமக் கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. கணவனின் உழைப்பால் வாழ்ந்து வீட்டைக் காப்பவளே கடவுள் வகுத்த பெண் என்றால், இவளைக் கடவுள் எதற்காக வகுத்தார் என்ற வினா எழாமல் இராது. அவள் ஆலயத்துக்குச் சென்றால் அங்கே வாசிக்கப்பட்ட பழைய விவிலியத்தில் சபைத் தலைவரின் பெயர் 'கண்காணி' என்றிருந்தது. தோட்டத்திலும் அவளுக்குமேல் இருந்தவன் கங்காணியே. அச்சொல் அவள் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. கூலி உயர்வுடன், தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கு ஐரோப்பியரும் அவர்களைப்போல் நடந்துகொண்ட கறுப்புத் துரைமாரும் இழைத்த தொல்லை ஒழியவேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. அரசு அதனைப் படைபலத்தால் அடக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். பெண்ணின் கற்பையும் கண்ணியத்தையும் பற்றிய போதனை எல்லா ஆலயங்களிலும் நடந்தது. அக்கண்ணியத்துக்காகப் போராட்டம் நடந்த இடமோ தோட்டத்து லயன்.

கிள்ளானில் 1928-இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் இங்கே நினைவுக்கு வருகிறது. தோட்டத்துக் கத்தோலிக்கத் தமிழர் வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வந்த ஆலயம் அது. பணிவுக்கும் தாய்மைக்கும் உருவமாக மரியாள் அங்கே வணங்கப்படுகிறாள். ஆனால், அவ்வாலயம் தாங்கிய பெயருக்கு ஒரு மூலம் உண்டு. 1858-இல் பிரான்சு நாட்டு லூர்து நகரில் மாதாவைக் கண்டதாகச் சொன்னவள் பெர்னதெத் என்னும் 14 வயதுச் சிறுமி. வறுமையில் வாடிய ஒரு மாவரைப்பவரின் மகள். அதிகாரிகளும் குருமாரும் அவளைப் பலமுறை விசாரித்தனர். அவள் சொல்லை மாற்றவில்லை. 1862-இல் ஆயர் அவள் சொல்லை ஏற்றார். பெண் மௌனமாயிருக்க வேண்டும் என்ற கொள்கை முற்றவும் வென்றிருந்தால் கிள்ளானில் அப்பெயருடைய ஆலயமே இராது.

சம ஊதியமும் சமச் சட்டமும்

மனைவியரை ஆக்கவந்த பள்ளிகள் ஆசிரியைகளையும் தாதியரையும் ஆக்கின. அவர்கள் சம்பளம் வாங்கினர். சம்பளத்தில் ஏற்றத்தாழ்வு கண்டனர். ஒரே பாடத்தை ஒரே வகுப்பில் கற்பித்த ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த ஊதியம் கிடைத்தது. மணமான பெண்ணைத் தற்காலிக ஊழியராகவே கருதும் வழக்கமும் இருந்தது. பெண்ணின் இடம் வீடே என்ற கருத்தின் பணமதிப்பு அதுவே எனலாம்.

இதனை எதிர்த்தோரில் முதன்மையானவர் ராசம்மா பூபாலன். யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1927-இல் ஈப்போவில் பிறந்தவர். பதினாறு வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா சென்றவர். பின்னர் ஆசிரியையாகி, 1960-இல் மலாயாப் பெண் ஆசிரியர் சங்கத்தின் தோற்றத் தலைவரானார். அச்சங்கம் முதலியவற்றின் இடைவிடா முயற்சியால் 1960-களில் சம ஊதியக் கொள்கை படிப்படியாக வென்றது. 1969-இல் அரசாங்கப் பணியில் அது ஏற்கப்பட்டது. அதே 1969-இல் அவர் கோலாலம்பூர் மெதடிஸ்டு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1982 வரை அப்பதவியில் இருந்தார். ஆயுதம் ஏந்தியவரும் தொழிற்சங்கம் கண்டவருமான ஒருவரின் பொறுப்பில் மிஷன் பள்ளி ஒன்று ஒப்படைக்கப்பட்டது என்பது, உடுவிலில் தொடங்கிய பாதை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதற்கு அளவுகோல்.

கத்தோலிக்கரான ஐரீன் பெர்னாண்டஸ் (1946-2014) மற்றொரு சான்று. கேரளத்திலிருந்து வந்து தோட்டத்தில் பணிபுரிந்தவரின் மகளாகப் பிறந்து, ஆசிரியப் பணியை விட்டுக் கிறிஸ்தவ இளந்தொழிலாளர் இயக்கத்தில் உழைத்தவர். 1991-இல் கோலாலம்பூரில் 'தெனாகனித்தா' என்ற அமைப்பை நிறுவினார். அயல்நாட்டுத் தொழிலாளர் தடுப்பு முகாம்களின் நிலையை வெளியிட்டதற்காக 1996-இல் வழக்குத் தொடரப்பட்டார். 2003-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் 2008-இல் விடுதலை பெற்றார்.

கிறிஸ்தவக் கொள்கை நாட்டுச் சட்டத்துக்கு முன்னோடியாய் நின்ற ஓர் இடமும் உண்டு. ஒருவனுக்கு ஒருத்தி என்பது கிறிஸ்தவ மணச் சட்டத்தில் தொடக்கத்திலிருந்தே விதி. ஏனைய முஸ்லிமல்லாத சமுதாயங்களில் வழக்கத்தின்படி பலதாரமணம் செல்லுபடியாயிற்று. 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமே முஸ்லிமல்லாதார் அனைவர்க்கும் ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கியது. பெண்ணுக்குக் கிறிஸ்தவம் என்ன செய்தது என்று கேட்போருக்கு இது தக்க விடையாகும்.

பீடத்தின் படிக்கட்டு

பள்ளியும் அலுவலகமும் நீதிமன்றமும் பெண்ணுக்குத் திறந்தபின்னும் இறுதியாக நின்ற கதவு ஆலயப் பீடமே. மெதடிஸ்டு திருச்சபை 1956-இல் பெண்களுக்கு ஆடவரோடொத்த முழுக் குருத்துவ உரிமை வழங்கியது. மலாயா மெதடிஸ்டார் 1968-இல் தன்னாட்சி பெறும்வரை அதே திருச்சபையின் அங்கமாதலால், அவ்விதி இங்கும் செல்லும். மெர்டேக்காவுக்கு ஓராண்டு முன்னரே மலாயாப் பெண்ணுக்கு அவ்வுரிமை வந்தது. ஆயினும், விதி வந்தவுடன் வழக்கம் மாறிவிடவில்லை. ஆங்கிலிக்கன் சபையில் 1944-இல் போர்க்காலச் சீனத்தில் புளோரன்ஸ் லீ டிம்-ஓய் என்னும் பெண் குருவானார். தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார்.

கத்தோலிக்கத் திருச்சபை வேறு வழியிற் செல்கிறது. 1988-இல் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் பெண்ணின் மாண்பைக் குறித்துத் தனி மடல் வரைந்தார். ஆணும் பெண்ணும் மாண்பில் சமம் என்றும், தாய்மையும் கன்னிமையும் பெண்ணுக்குரிய சிறப்பு அழைப்புகள் என்றும் அதில் விளக்கினார். 1994-இல் பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என அறிவித்தார். கிறிஸ்து ஆடவரையே அப்போஸ்தலராகத் தெரிந்துகொண்டார் என்பது காரணம். ஆனால், 2016-இல் உயிர்த்த கிறிஸ்துவை முதலிற் கண்ட மகதலா மரியாளின் நினைவுநாள், அப்போஸ்தலரின் நாட்களுக்கு நிகரான திருவிழாவாக உயர்த்தப்பட்டது. 2021-இல் வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகள் சட்டப்படி பெண்களுக்கும் திறக்கப்பட்டன. அங்கேயும் 'துணை' என்னும் சொல்லே வருவதைக் காண்க.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பெண்ணுக்குக் கடவுள் விதித்த கடமை என்று ஒவ்வொரு தலைமுறையும் உரைத்தது, பெரும்பாலும் அத்தலைமுறைக்குத் தேவைப்பட்ட கடமையே. உபதேசிக்குக் கற்ற மனைவி தேவைப்பட்டபோது கல்வி கடவுள் சித்தமாயிற்று. பள்ளிக்கு ஆசிரியை தேவைப்பட்டபோது வேலை கடவுள் சித்தமாயிற்று. தோட்டத்துக்குக் கூலியாள் தேவைப்பட்டபோது பெண் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஒருவரும் வற்புறுத்தவில்லை. வேதம் மாறவில்லை, அதனை வாசித்தவர்களின் தேவை மாறியது.

இதனால் வேதம் பொய்யென்று ஆகாது. வாசிப்போர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்பதே பெறப்படும். இன்றும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ்ச் சபைகளில் ஞாயிறு பள்ளி நடத்துவோரும் நோயாளரைச் சென்று காண்போரும் உபவாச ஜெபம் கூட்டுவோரும் பெரும்பாலும் பெண்களே. அவர்களை நோக்கித் 'துணை' என்று போதகர் கூறும்போது, நம் பாட்டனார் கடிதத்தின் தலைப்பில் எழுதிய அதே பொருளில் கூறுகிறாரா, அன்றி வேறு பொருளிலா என்பதைக் கேட்டறியும் உரிமை அவர்களுக்கு உண்டு.